நெய்வேலிக் கரியை எதற்காகத் தோண்டுகிறோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நெய்வேலிச் சுரங்க விரிவாக்கம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த இரண்டு வாசகர் கடிதங்களையும் படித்தேன். மின்சாரம் வேண்டுமென்றால் நிலத்தைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்கிறார் ஒருவர். கரியின் காலம் முடிந்துவிட்டது, சுரங்கத்தை மூடிவிட்டுச் சூரிய ஒளிக்கு மாறிவிடலாம் என்கிறார் மற்றவர். எதிரெதிராகப் பேசினாலும், நெய்வேலி என்றாலே மின்சாரம்தான் என்பதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். எனக்கு உறுத்துவது அதுதான். நெய்வேலி மின்சாரத்துக்காக மட்டும் தோண்டப்பட்ட ஊர் இல்லை. அங்கே கிடைக்கும் பழுப்பு நிலக்கரியிலிருந்து (நாங்கள் கரி என்றே சொல்வோம்) உரம் வந்தது, அடுப்புக் கரி வந்தது, கிருமிநாசினிக்கான மூலப்பொருள் வந்தது. கரிக்கு மேலே கிடந்த மண்ணிலிருந்து பீங்கானுக்கான களிமண் வந்தது. இவையெல்லாம் எப்படி வந்தன, ஏன் நின்றன என்று பேசாமல், இன்னும் நிலம் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சு முழுமை அடையாது என்று நினைக்கிறேன்.

நான் நெய்வேலி நகரியத்தில் வளர்ந்தவள். அப்பா அங்கே கரிக்கட்டி ஆலையில் வேலை பார்த்தார். திருமணமாகி விருத்தாசலம் வந்தேன். புகுந்த வீட்டில் பீங்கான் பட்டறை. பியூஸ் கேரியர், சிறிய இன்சுலேட்டர், கார்த்திகைக்கு அகல் விளக்கு, கொலுவுக்குப் பொம்மை என்று பட்டறை ஓடுகிறது. இப்போது அதை நடத்துவது நான்தான். பிறந்த வீட்டுச் சோறு கரியால் வந்தது, புகுந்த வீட்டுச் சோறு களிமண்ணால் வருகிறது. இரண்டும் ஒரே குழியிலிருந்து எடுக்கக்கூடியவை என்பதால் இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை அதிகம்.

தொடக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு பழுப்பும் கறுப்புமாக ஏதோ வெளிவந்தது என்பதை எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் பள்ளியிலேயே கேட்டிருப்பார்கள். நாற்பதுகளில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை துளையிட்டுப் பார்த்தது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் (என்.எல்.சி) தொடங்கியது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961இல் கரி வெளியே தெரிந்தது. 1962இல் சோவியத் உதவியோடு கட்டிய அனல் நிலையத்தின் முதல் அலகு ஓடியது.

அந்த முதல் திட்டத்துக்கு ஒருங்கிணைந்த திட்டம் என்று பெயர். ஆண்டுக்கு 35 லட்சம் டன் கரி எடுப்பது, அதில் ஒரு பங்கைக் கொண்டு 250 மெகாவாட் மின்சாரம், இன்னொரு பங்கைக் கொண்டு 1 லட்சத்து 52 ஆயிரம் டன் யூரியா, மற்றொரு பங்கைக் கரிக்கட்டியாக்குவது, மேல்மண்ணில் கிடைக்கும் வெள்ளைக் களிமண்ணைக் கழுவி எடுப்பது என்று அந்தக் காலத்திலேயே கணக்குப் போட்டிருந்தார்கள். கரி எங்கே போகும், என்னவாகும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் தோண்டத் தொடங்கினார்கள். அன்றைக்கு நாட்டிடம் பணம் குறைவு, அன்னியச் செலாவணி அதைவிடக் குறைவு. கிடைத்த பொருளின் ஒவ்வொரு பகுதியிலும் பலன் எடுக்க வேண்டிய நிலைமை. நெல்லைக் குத்தினால் அரிசியைச் சோற்றுக்கும், தவிட்டை மாட்டுக்கும், உமியை அடுப்புக்கும் எடுத்துக்கொள்கிற வீட்டுக் கணக்குதான் அது.

கரிக்கட்டி ஆலையைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நெய்வேலிக் கரியில் பாதி தண்ணீர். தோண்டி எடுத்த கரியைக் கையில் பிடித்தால் ஈரம் தெரியும். சாம்பல் குறைவு, அது நல்ல குணம். ஆனால் ஒரு கிலோ எரித்தால் சுமார் 2,600, 2,700 கிலோ கலோரிதான் கிடைக்கும். நல்ல இறக்குமதிக் கரி இதைப்போல் இரண்டு மடங்கு தரும். ரயிலில் ஏற்றி அனுப்பினால் பாதிக் கட்டணம் தண்ணீருக்குத்தான். குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். ஆகவே கரியை அங்கேயே பொடித்து, உலர்த்தி, அழுத்திக் கட்டியாக்கி, காற்றுப் படாமல் சூடாக்கி, ஆவியாகிற பொருட்களைப் பிரித்து எடுத்தார்கள். மிஞ்சியது 'லெகோ' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

அந்த லெகோவில்தான் அம்மா சமைத்தார். பற்ற வைக்க நேரமாகும். நன்றாகக் கனிந்துவிட்டால் புகையே இருக்காது. விறகடுப்பில் கண் எரிய இருமிக்கொண்டு சமைத்த பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது சமையல் எரிவாயுவிலேயே வளர்ந்தவர்களுக்குச் சொன்னால்தான் புரியும். எங்கள் நகரியம் மட்டுமல்ல, சென்னையிலும் லெகோ விற்றது. தொழிற்சாலைகளும் வாங்கின. சூடாக்கும்போது பிரிந்து வந்த தாரிலிருந்து கார்பாலிக் அமிலம், கிரெசால் போன்ற கிருமிநாசினி மூலப்பொருட்களை எடுத்தார்கள். வேலை முடிந்து அப்பா வீட்டுக்குள் நுழைந்தால் பினாயில் வாசனையும் கூடவே வரும். அம்மா அவர் சட்டையைத் தனியாகத்தான் துவைப்பார்.

உர ஆலை அறுபதுகளின் நடுவில் ஓடத் தொடங்கியது. கரியை நீராவியும் ஆக்சிஜனும் சேர்த்துச் சூடாக்கினால் அது முழுதாக எரிந்துபோகாமல் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவாக மாறும். அந்த ஹைட்ரஜனைக் காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்த்தால் அம்மோனியா. அதோடு கரியமில வாயுவைச் சேர்த்தால் யூரியா. வயலுக்கு அடியில் கிடந்த கரி, மூட்டையாகி வயலுக்கே திரும்பியது. பிறகு அந்த ஆலையின் மூலப்பொருள் எரி எண்ணெயாக மாறியது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் உர ஆலையும் கரிக்கட்டி ஆலையும் ஒன்றன் பின் ஒன்றாக மூடப்பட்டன. களிமண் கழுவும் ஆலையும் இப்போது இல்லை.

மூடியதற்குக் காரணங்கள் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நியாயம் இல்லை. இயற்கை எரிவாயுவில் யூரியா செய்வது மலிவானது. சிலிண்டர் வந்த வீட்டில் லெகோவுக்கு வேலை இல்லை, எங்கள் வீட்டிலும் அப்படித்தான். இயந்திரங்கள் பழையனவாகிவிட்டன. ஒடிசாவில் தால்சேரிலும் அன்றைய ஆந்திரத்தில் ராமகுண்டத்திலும் 1980ஐ ஒட்டித் தொடங்கிய நிலக்கரி உர ஆலைகளும் சரியாக ஓடாமல் 1999இல் மூடப்பட்டன. ஆகவே இது நெய்வேலிக்கு மட்டும் வந்த தோல்வி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொன்றாக மூடியபோது, அந்தக் கரியை இனி வேறு எதற்குப் பயன்படுத்துவது என்ற கேள்வியையும் சேர்த்து மூடிவிட்டோம். 35 லட்சம் டன்னுக்குத் திட்டமிட்ட இடத்தில் இன்று சுரங்கங்களின் திறன் ஆண்டுக்கு இரண்டரைக் கோடி டன்னுக்கு மேல். ஏறக்குறைய எல்லாமே கொதிகலனுக்குள்தான் போகிறது.

சேலம் கதையும் இதோடு சேர்ந்ததுதான். கஞ்சமலையில் இரும்புத் தாது இருக்கிறது, நெய்வேலியில் கரி இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் தமிழ்நாட்டுக்கு ஓர் இரும்பாலை என்பது அறுபதுகளின் பெரிய கனவு. கரியைக் காற்றுப் படாமல் சூடாக்கினால் கிடைக்கும் கெட்டியான எரிபொருளுக்குக் கோக் என்று பெயர். நெய்வேலிக் கரியிலிருந்து செய்த கோக்கைச் சேலம் தாதுவோடு சேர்த்து ஜாம்ஷெட்பூரில் உள்ள தேசிய உலோகவியல் ஆய்வுக்கூடத்தில் உருக்கிப் பார்த்தார்கள். 1967 ஜூலையில் அண்ணா அரசு 'எழுச்சி நாள்' நடத்தியபோது சேது சமுத்திரம், தூத்துக்குடித் துறைமுகம் இவற்றோடு சேலம் இரும்பாலையும் கோரிக்கையாக இருந்தது. 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். ஆனால் கடைசியில் வந்தது, வெளியிலிருந்து வரும் துருப்பிடிக்காத எஃகை மெல்லிய தகடாக உருட்டும் ஆலை. அதுவும் நல்ல ஆலைதான், சேலத்துத் தகட்டுக்கு நாடு முழுவதும் பெயர் உண்டு. என்றாலும் கஞ்சமலைக்கும் நெய்வேலிக்கும் நடுவில் போட்ட முடிச்சு அதோடு அவிழ்ந்துவிட்டது. பழுப்பு நிலக்கரியில் செய்த கோக்குக்கு, இரும்பு உருக்கும் பெரிய ஊது உலையின் பாரத்தைத் தாங்கும் வலிமை வராது என்பதால் சிறிய உலைகளில்தான் சோதிக்க வேண்டியிருந்தது. இரும்பு உருக்கும் கோக்குக்கு ஏற்ற கரி ஜார்க்கண்டின் ஜாரியாவில் கிடைக்கிறது. அதுவும் போதாமல் ஆஸ்திரேலியாவிலிருந்து வாங்குகிறோம். எந்தக் கரி எதற்கு உதவும் என்பது அதன் குணத்தைப் பொறுத்தது. கரி இருக்கிறது என்பதாலேயே எல்லாத் தொழிலும் அங்கே வந்துவிடாது.

இருப்புக் கணக்கையும் அப்படித்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்தியாவின் பழுப்பு நிலக்கரியில் சுமார் 80 சதவீதம் தமிழ்நாட்டில் இருக்கிறது, 3,600 கோடி டன்னுக்கு மேல் என்கிறார்கள். மேடையில் சொல்லக் கேட்டால், தலைமுறை தலைமுறையாகத் தோண்டினாலும் தீராது போலத் தோன்றும். ஆனால் அதில் உறுதியாக நிரூபிக்கப்பட்ட வகையில் வருவது சுமார் எட்டில் ஒரு பங்குதான். மீதி, துளைகளை வைத்துச் செய்த மதிப்பீடு. அதிலும் பெரும்பகுதி மன்னார்குடிப் பக்கம், காவிரிப் படுகையின் நெல் வயல்களுக்கு அடியில், நெய்வேலியைவிட மிக ஆழத்தில் கிடக்கிறது. 2023 ஏப்ரலில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய மூன்று பகுதிகள் ஒன்றிய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் இருப்பது தெரிந்ததும் டெல்டா முழுவதும் எதிர்ப்பு கிளம்பியது. சட்டமன்றத்தில் பேசினார்கள். சில நாட்களிலேயே ஒன்றிய அமைச்சர் அவற்றை நீக்குவதாக அறிவித்தார். நீக்கியது சரிதான் என்பதே என் கருத்து. ஜெயங்கொண்டத்தில் என்ன ஆயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். தொண்ணூறுகளில் பழுப்பு நிலக்கரி மின் திட்டத்துக்காக ஆயிரக்கணக்கான ஏக்கரை எடுக்கத் தொடங்கினார்கள். திட்டம் வரவே இல்லை. இழப்பீட்டு வழக்குகள் மட்டும் ஆண்டுக்கணக்கில் நடந்தன. பல காலம் கழித்து நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தருவது என்று முடிவானது. நடுவில் அந்த நிலத்தை விற்கவும் முடியாமல், அதை நம்பிக் கடன் வாங்கவும் முடியாமல் இருந்தவர்களின் வாழ்க்கையை யார் திருப்பித் தருவது?

மேலே இருப்பது என்ன, கீழே இருப்பது என்ன என்று தெரியாமல் இருப்பைப் பற்றிப் பேச முடியாது. கரி கிடப்பது செம்மண்ணுக்கும் மணற்கல்லுக்கும் அடியில். சுரங்கத்தில் ஒரு டன் கரி எடுக்கச் சுமார் ஐந்தரை கன மீட்டர் மண்ணை அகற்ற வேண்டும். வாளிகள் பொருத்திய சக்கரத்தால் மண்ணை வெட்டும் பக்கெட் வீல் இயந்திரம் இரவு பகலாகச் சுழல்வது அதற்குத்தான். கரிக்குக் கீழே ஊற்று நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் தரையை உடைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். இறைத்த நீரில் ஒரு பங்கு வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்ப் பாசனமாகிறது, வறட்சிக் காலத்தில் சென்னைக்கும் குடிநீராகப் போயிருக்கிறது. அதே நேரத்தில் சுற்று வட்டாரத்தில் கிணற்று நீர் கீழே போய்விட்டது என்று கிராமத்தார் சொல்வதும் உண்மை. முந்திரியும் பலாவும் நிற்கிற மேட்டு நிலத்தில் ஆழ்குழாய் போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். நாம் கரி என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். வெட்டுவது கரியை மட்டுமல்ல. மண், மணல், களிமண், தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வெட்டுகிறோம்.

என் தொழிலைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். பீங்கானுக்கு வெள்ளைக் களிமண், பந்துக் களிமண் என்ற குழைவான களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் என்ற கனிமங்கள் நான்கும் வேண்டும். களிமண்ணில் இரும்பு அதிகம் இருந்தால் சுட்ட பிறகு நிறம் மங்கிவிடும். மணல் கலந்திருந்தால் பொருள் விரிசல் விடும். அதனால்தான் களிமண்ணைக் கழுவிப் பிரிக்க வேண்டும். விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை வந்ததற்கும், பீங்கான் தொழில்நுட்பம் படிக்க அரசு நிறுவனம் வந்ததற்கும் பக்கத்தில் நெய்வேலியின் களிமண் கிடைக்கும் என்பது ஒரு காரணம். இன்று என் பட்டறைக்கு வருகிற களிமண்ணில் ஒரு பங்கு ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் லாரியில் வருகிறது. லாரி வாடகை ஏறினால் அகல் விளக்கின் விலையை ஏற்ற முடியாது, வாங்குகிறவர் அச்சில் செய்த வேறு விளக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பட்டறையில் வேலை செய்கிற பெண்களுக்குக் கூலியை ஏற்றித் தர முடியாமல் நான் தவிப்பது இதனால்தான். நெய்வேலி, ஜன்னலைத் திறந்து பார்த்தால் தெரிகிற தூரம் இல்லைதான், ஆனால் பேருந்தில் போகும்போதெல்லாம் சுரங்கத்து மண்மேடுகளைப் பார்க்கிறேன். செம்மண், மணல், வெள்ளைக் களிமண் எல்லாம் கலந்து குன்றாக நிற்கின்றன. மேலே மரம் நட்டிருக்கிறார்கள், பார்க்கப் பசுமையாகத்தான் இருக்கிறது. அந்தக் குன்றுக்குள் கலந்து போன களிமண்ணை இனிப் பிரிக்க முடியாது. வெட்டும்போதே அடுக்கு அடுக்காகத் தனித்தனியாகக் கொட்டியிருந்தால் முடியும். புதிதாக வெட்டுகிற இடத்திலாவது அதைச் செய்யலாம்.

சரி, இன்றைக்குக் கரியை வேறு என்ன செய்ய முடியும்? முதலில் நினைவுக்கு வருவது வாயுவாக்கம்தான், அதாவது உர ஆலையில் செய்தது போலக் கரியை வாயுவாக மாற்றுவது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் பியூலா என்ற ஊரில் 1984 முதல் பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி எரிவாயு எடுக்கிறார்கள், அம்மோனியா உரமும் செய்கிறார்கள். அங்கே வெளியாகும் கரியமில வாயுவில் ஒரு பகுதியைப் பிடித்து, 2000ஆம் ஆண்டிலிருந்து குழாய் வழியாகக் கனடாவின் எண்ணெய் வயலுக்கு அனுப்பிப் பூமிக்குள் செலுத்துகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் சாசோல் நிறுவனம் 1955 முதல் நிலக்கரியிலிருந்து பெட்ரோலும் ரசாயனங்களும் எடுக்கிறது. நம் ஒன்றிய அரசும் 2030க்குள் ஆண்டுக்கு 10 கோடி டன் நிலக்கரியை வாயுவாக்குவது என்று இலக்கு வைத்து, 2024 ஜனவரியில் 8,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஒப்புதல் தந்தது. நெய்வேலியிலும் பழுப்பு நிலக்கரியிலிருந்து மெத்தனால் எடுக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. மெத்தனால் சிறிய விஷயம் இல்லை. பிளைவுட் பசை, பெயின்ட், மருந்து என்று பல தொழில்களுக்கு அது அடிப்படை. நம் தேவையில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறோம். அப்புறம் ஹியூமிக் அமிலம். பழுப்பு நிலக்கரியிலிருந்து எடுத்து, பொட்டாசியம் ஹியூமேட்டாக்கி மண் வளத்துக்காக வயலில் போடலாம். நெய்வேலியின் ஆய்வு மையத்திலேயே இதற்கான வேலை நடந்திருக்கிறது. அனல் நிலையத்துச் சாம்பலைச் செங்கல்லுக்கும் சிமென்ட்டுக்கும் எடுப்பது ஏற்கெனவே நடக்கிறது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன.

இதைப் படித்துவிட்டு, கரிக்கு ஆதரவாக இன்னொருவர் கிளம்பிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். வாயுவாக்கினாலும் கரியமில வாயு வெளியாகத்தான் செய்யும். அதைப் பிடித்து வைக்க வழி சொல்லாமல் தூய்மையான தொழில் என்று விளம்பரம் செய்வதை நான் ஏற்க மாட்டேன். ரசாயன ஆலை வந்தால் கழிவும் வரும். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் பல ஆண்டுகளாக என்ன காற்றைச் சுவாசித்தார்கள் என்பதை நம் மாவட்டம் மறக்கக் கூடாது. தாரிலிருந்து பிரிந்த திரவங்கள் தோலில் பட்டால் எப்படிப் பொத்துப்போகும் என்பதை அப்பாவின் கைகளில் பார்த்தவள் நான். எரிப்பதைவிட மேலான பயன் என்று சொல்லும்போது அந்தக் கைகளையும் கணக்கில் வைத்துத்தான் சொல்கிறேன்.

என் வாதம் வேறு. எரிப்பதற்கான காலம் எப்படியும் சுருங்கிக்கொண்டு வருகிறது. 2070க்குள் நிகரப் பூஜ்ய உமிழ்வு, அதாவது வெளிவிடும் கரியமில வாயுவும் திரும்ப உறிஞ்சப்படுவதும் சமமாகிவிடும் என்று நாடே 2021இல் கிளாஸ்கோவில் உறுதி கொடுத்திருக்கிறது. காற்றாலையிலும் சூரிய ஒளியிலும் தமிழ்நாடு முன்னணியில் நிற்கிறது. நெய்வேலியின் முதல் அனல் நிலையம் 600 மெகாவாட், முழுவதும் தமிழ்நாட்டுக்கே தந்து கொண்டிருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்துவிட்டு 2020இல் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக 1,000 மெகாவாட் புதிய நிலையம் வந்திருக்கிறது. அதுவும் ஒருநாள் நிற்கும். ஆனால் எடுத்த நிலம் பழையபடி நெல் வயலாக மாறுவது அவ்வளவு எளிதில் நடக்காது. 2023 ஜூலையில் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்கால் வேலைக்காக வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. நிலம் ஏற்கெனவே எடுக்கப்பட்டது, இழப்பீடு தரப்பட்டது என்று ஒரு பக்கம். பயிரை அறுக்கக்கூட விடவில்லையே என்று இன்னொரு பக்கம். சட்டம் யார் பக்கம் என்று சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. கதிர் பிடிக்கிற பயிரை அழித்து எடுக்கிற கரிக்கு, கொதிகலனைத் தாண்டி ஒரு பயனும் யோசிக்கப்படவில்லை என்றால் அது எனக்குத் தாங்கவில்லை.

அறுபதுகளில் நிலம் கொடுத்தவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் இருந்தது. உங்கள் நிலத்திலிருந்து உரம் வரும், அடுப்புக்குக் கரி வரும், பிள்ளைகளுக்கு ஆலையில் வேலை வரும் என்று சொல்ல முடிந்தது. அதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு நடக்கவில்லை என்பது வேறு பேச்சு. மின்சாரம் கம்பியில் ஏறி எங்கோ போய்விடும். உரமும் களிமண்ணும் கரிக்கட்டியும் பக்கத்து ஊரில் கடை திறக்க வைக்கும், பட்டறை வைக்க வைக்கும், லாரிக்கு லோடு கொடுக்கும். ஒரு கரிச்சுரங்கம் சுற்றியுள்ள வட்டாரத்தை வளர்ப்பது இப்படித்தான். கொதிகலன் மட்டும் இருக்கிற இடத்தில் நிரந்தர வேலை கொஞ்சம் பேருக்கு, ஒப்பந்த வேலை நிறையப் பேருக்கு என்று நின்றுவிடுகிறது. விருத்தாசலம், பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு, வடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் ஐடிஐ முடித்துவிட்டு திருப்பூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் பேருந்து ஏறுவதைத் தினமும் பார்க்கிறோம்.

நான் கேட்பது பெரிய தொகை எதுவும் இல்லை, ஒரு ஒழுங்குதான். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி புதிய சுரங்கமோ விரிவாக்கமோ வந்தால் பெரும்பாலும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும், திட்டச் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் தர வேண்டும். அந்தத் தமிழ்ச் சுருக்கத்தில், எடுக்கப்போகிற கரியில் எவ்வளவு எரிக்கப்படும், எவ்வளவு வேறு பொருளாகும், அந்தப் பொருள் எந்த ஊரில் செய்யப்படும் என்று எழுதச் சொல்லுங்கள். மேல்மண்ணில் களிமண் எவ்வளவு, மணல் எவ்வளவு, அதைத் தனியாகக் கொட்டுவார்களா, சிறு தொழில்களுக்கு எந்த விலையில் தருவார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். இறைக்கிற தண்ணீர் எந்த ஏரிக்குப் போகும் என்பதையும் சேர்த்து எழுதட்டும். கொதிகலனைத் தவிர வேறு பதில் இல்லை என்றால், புதிதாக ஓர் ஏக்கரும் எடுக்க வேண்டாம். கையில் இருக்கிற சுரங்கத்திலேயே எடுத்து முடிக்கட்டும்.

மாநில அரசுக்கும் ஒரு வேண்டுகோள். மெத்தனால் ஆலை உண்மையிலேயே வருவதாக இருந்தால், அதை நம்பி வரக்கூடிய சிறு தொழில்களுக்கான பேட்டையையும், கழிவைச் சுத்திகரிக்கிற ஏற்பாட்டையும் ஆலைக்கு முன்பே திட்டமிட வேண்டும். ஆலை வந்து பத்து ஆண்டு கழித்து அதைப் பற்றி யோசித்தால் கடலூர் மறுபடியும் நடக்கும். களிமண் கழுவும் ஆலைக்கு மெத்தனால் ஆலையைப் போல ஆயிரக்கணக்கான கோடி தேவைப்படாது. விருத்தாசலத்தில் பீங்கான் படித்து முடிக்கிற பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அவர்களை வைத்தே தொடங்கலாம்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். பழைய கரிக்கட்டி ஆலையிலும் உர ஆலையிலும் வேலை செய்தவர்கள் இன்னும் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். வயதானவர்கள். எந்த இயந்திரம் எப்போது பழுதானது, எந்தப் பொருளுக்கு யார் வாங்குபவர், எதனால் நட்டம் வந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். உங்கள் செய்தியாளர் ஒருவரை அனுப்பி அவர்களிடம் பேசச் செய்து தொடராக வெளியிட்டால், அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போகிற எங்களைப் போன்றவர்கள் அந்தப் பக்கங்களைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேள்வி கேட்போம். என் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் சிலரின் வீடுகள் எனக்குத் தெரியும். செய்தியாளர் வந்தால் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
பீங்கான் பட்டறை நடத்தும் வாசகி,
விருத்தாசலம்.